நான்கு நிமிடம்

மைனஸ் முப்பத்திரண்டில்
நிறுத்தத்து மின்திரையின் எண்கள் உறைந்துவிடும்.
நான்கு நிமிடம் என்றால்
நாற்பது நிமிடமும் நான்குதான்.
பொய் சொல்லவில்லை அது.
கடைசியாகத் தனக்குத் தெரிந்ததைச்
சொல்லிக்கொண்டிருக்கிறது,
நம்மில் பலரையும் போல.

உலான்பத்தாரின் பேருந்துக் கட்டுப்பாட்டு அறையில்
எனக்கு இரவு வேலை.
பதினோரு திரைகள், ஒரு ஹீட்டர்,
பக்கத்து நாற்காலி பாசன்ஜாவ்
இரவெல்லாம் கடித்துத் துப்பும் பைன் கொட்டைத் தோல்.
வரைபடத்தில் பச்சைப் புள்ளிகள்தான் பேருந்துகள்.
நகர்கிற புள்ளி வருகிறது.
நகராத புள்ளி
வருவதாக நம்பப்படுகிறது.

காலை ஆறு இருபதுக்குத் தொலைபேசி அடிக்கும்.
"துலம்சுரேன் பேசுகிறேன்."
பெயரைச் சொல்லாமல் ஒருநாளும் ஆரம்பித்ததில்லை அந்த அம்மாள்.
பள்ளிக்கூடத்துக் கொதிகலன் அறையில் வேலை.
ஏழு மணிக்குள் கரி அள்ளிப் போடாவிட்டால்
ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள்
கையுறையோடு எழுத வேண்டும்.
"தம்பி, திரை நாலு என்கிறது.
நிஜமாக எத்தனை?"

நிஜம் என்ற சொல்லை எங்கள் அலுவலகத்தில்
வேறு யாரும் உபயோகிப்பதில்லை.
எங்களிடம் இருப்பது நேரந்தவறாமை விகிதம்.
சென்ற மாதம் தொண்ணூற்றொரு சதவீதம்.
புறப்படாத வண்டி தாமதமாவதில்லை,
ஆகையால் அது கணக்கில் வராது.

"கிளம்பிவிட்டதம்மா" என்பேன்.
எங்கிருந்து என்று அவர் கேட்டதில்லை.

விடுமுறை நாளொன்றில்
தங்கையை ரயிலேற்றிவிட்டுத் திரும்பும் விடியலில்
நானே ஏறினேன் டிராலி பஸ்ஸில்.
திருப்பத்தில் கம்பியைவிட்டுத் துள்ளின
கூரைமேல் இருந்த இரண்டு கைகளும்.
ஒரு நீலப்பொறி. பிறகு இருட்டு.
ஓட்டுநர் கெரெல்மா இறங்கிப்போய்
பின்னால் கயிற்றைப் பிடித்து இழுத்தாள்,
முரண்டு பிடிக்கும் குதிரையை இழுப்பதுபோல,
அதன் தாயையும் தகப்பனையும் திட்டியபடி.
உள்ளே ஒருவரும் வாய்திறக்கவில்லை.
ஒருவர் மட்டும்
சாப்பாட்டுப் பையை
மடிக்கு மாற்றிக்கொண்டார்.

ஜன்னல் பனியை ஒரு பையன் நாணயத்தால் சுரண்டினான்.
அவன் கண் எடுத்ததும் நான் கண் வைத்தேன்.
நூறு எட்டில் அடுத்த நிறுத்தம்.
கரிப்புகைக்குள் மங்கலாக ஆட்கள்,
கால்மாற்றிக் கால்மாற்றி.
விளக்கணைந்த எங்கள் வண்டி
அவர்களுக்குத் தெரிந்திருக்காது.
தலைக்குமேல் சிவப்பாக எரிந்தது எண்.
நான்கு.

அவர்கள் காத்திருந்த அந்த நான்கு நிமிடத்தின் உள்ளே
நான் உட்கார்ந்திருந்தேன்.
அதில் வெளிச்சம் இல்லை. சூடும் இல்லை.
இருபத்தேழு பேர் இருந்தோம்.

கூட்டத்தில் ஒருவர் காதில் கைவைத்து நின்றார்.
துலம்சுரேனாக இருக்கலாம்.
குளிருக்குக் காதைப் பொத்திக்கொண்ட
யாராகவும் இருக்கலாம்.
பாசன்ஜாவ் எடுத்திருப்பான்.
கிளம்பிவிட்டதம்மா என்றிருப்பான்.

மறுநாள் இரவு அந்த நிறுத்தத்தின் எண்ணை அழித்துவிட்டு
ஒரே ஒரு சொல்லைத் தட்டினேன்:
தெரியவில்லை.

ஆறு இருபதுக்குத் தொலைபேசி அடிக்கவில்லை.
ஆறு நாற்பதுக்கு மேலதிகாரி அடித்தார்.
அன்றைக்குப் பார்த்து வண்டி
சொன்ன நிமிடத்தில் வந்து,
கதவைத் திறந்து,
ஆளில்லாத நடைபாதைக்குக் கொஞ்சம் சூடு காட்டிவிட்டுப்
போயிருக்கிறது.
விகிதம் ஒரு புள்ளி ஏறியது.
எனக்கு எழுத்துமூலம் விளக்கம் கேட்டார்கள்.
எண்ணைத் திரும்பப் போட்டார்கள்.

அடுத்த காலை.
"துலம்சுரேன் பேசுகிறேன்.
நேற்று நடந்தே போய்விட்டேன் தம்பி.
விரல் மரத்துப்போனது,
ஆனால் ஏழுக்கு முன்னால் அடுப்பு பிடித்துவிட்டது.
இன்றைக்கு என்ன போட்டிருக்கிறாய்?
கண்ணாடியில் ஆவி, படிக்க முடியவில்லை."

"நாலும்மா."

அவர் மூச்சு விடுவது கேட்டது.
பிறகு பனியில் பூட்ஸ் நொறுங்கும் ஓசை,
அழைப்பைத் துண்டிக்க மறந்த கையோடு
கொஞ்ச தூரம்.